ஒரு திரை, நாலு ஜன்னல்: காலண்டர் சீசனில் கைகொடுக்கும் விண்டோஸ் வசதிகள்

ஆடிப்பெருக்கு அன்று காவிரிக்கரை ஊர்களில் கலந்த சாதம் கட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போவார்கள். சிவகாசியில் அன்றைக்கு அடுத்த வருடத்தின் காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும். ஆடி 18-ல் திறக்கும் ஆர்டர் புத்தகம் டிசம்பர் கடைசி வரை மூடாது. தினசரி காலண்டர், மாதக் காலண்டர், டைரி என்று வேலை வந்துகொண்டே இருக்கும். ஊரை ஒட்டிய நாரணாபுரம் போன்ற இடங்களில் பட்டாசு வேலை நடக்கும்போது அதற்கான லேபிள், பெட்டி, விலைப்பட்டியல் வேலைகளும் கூடவே ஓடும். அச்சு இயந்திரம் சுற்றுவதற்கு முன்னால் இவை எல்லாமே ஒரு கம்ப்யூட்டர் திரையைக் கடந்துதான் போகவேண்டும். அதுதான் டிடிபி ஆபரேட்டரின் திரை.

நாரணாபுரம் ரோட்டுப் பக்கம் அப்படி ஒரு மேசையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கோரல்டிராவில் காலண்டர் தாள் திறந்திருக்கிறது. பஞ்சாங்கம் பிடிஎஃப்-ஆக இருக்கிறது. வாட்ஸ்அப் வெப்பில் கஸ்டமர் கடைப் பெயரையும் போன் நம்பரையும் அனுப்பியிருக்கிறார். அவர் அனுப்பிய தமிழ் யூனிகோடில் இருக்கிறது, ஆனால் டிசைன் ஃபைல் பழைய பாமினி எழுத்துருவில் இருப்பதால் நடுவில் ஒரு கன்வெர்ட்டர் பக்கமும் வேண்டும். ஆக மொத்தம் நாலு ஜன்னல். ஒன்றைத் திறந்தால் மற்ற மூன்றும் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

அப்புறம் என்ன, ஆல்ட்-டேப், ஆல்ட்-டேப், ஆல்ட்-டேப்தான். நாள் முழுக்க.

சிறுசேரியில் ஐடி வேலை பார்ப்பவருக்கும், ஆடிட்டர் ஆபீஸில் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுபவருக்கும் இதே கதைதான். டீம்ஸ், எக்செல், மெயில், பிரவுசர் என்று ஜன்னல்களின் பெயர்தான் மாறும். ஆனால் டிடிபி மேசையில் ஒரு கூடுதல் சிக்கல் இருக்கிறது. மெயிலில் தப்பு போனால் 'மன்னிக்கவும், திருத்திய பிரதி இதோ' என்று இன்னொரு மெயில் போட்டுவிடலாம். பிளேட் போட்டு, மெஷின் ஓடி, தாள் கட்டாகி, தகரப் பட்டியும் அடித்தபிறகு ஒரு தேதி தப்பு என்று தெரிந்தால் மொத்தக் கட்டையும் ஓரமாக வைத்துவிட்டு முதலில் இருந்து தொடங்கவேண்டியதுதான்.

தப்பு எங்கே நடக்கிறது?

தினசரி காலண்டரின் ஒரு தாளை உற்றுப் பாருங்கள். ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, ஹிஜ்ரி தேதி, கிழமை, திதி, நட்சத்திரம், யோகம், நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம், சந்திராஷ்டமம். உள்ளங்கை அளவுத் தாளில் இத்தனை விவரம். இப்படி 365 தாள். இதில் ராகு காலம் போன்றவை கிழமைக்கு ஒன்றாக நிலையாக வரும். திங்கள் என்றால் 7.30 முதல் 9 வரை, செவ்வாய் என்றால் 3 முதல் 4.30 வரை. திதியும் நட்சத்திரமும் அப்படியில்லை. அவை முடியும் நேரம் நாளுக்கு நாள் மாறும். அதைப் பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான் அடிக்கவேண்டும்.

பஞ்சாங்கத்தில் காலை 6.42 என்று பார்க்கிறார் ஆபரேட்டர். ஆல்ட்-டேப் அடிக்கிறார். முதல் அடியில் வாட்ஸ்அப் வருகிறது. அதில் ஒரு புதிய மெசேஜ், கண் ஒரு நொடி அங்கே போய்வருகிறது. இன்னொரு அடியில் கோரல்டிரா. இப்போது கை அடிப்பது 6.24.

இது கவனக்குறைவு என்று திட்டுவது சுலபம். உண்மையில் அந்த ஒன்றிரண்டு நொடிகளுக்கு அந்த எண் எங்கேயும் எழுதப்படவில்லை, ஆபரேட்டரின் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. நடுவில் ஒரு மெசேஜ் குறுக்கே வந்தால் அது கலைவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. இரண்டு ஜன்னலும் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தால், எண்ணை மனசுக்குள் சுமக்கவேண்டிய வேலையே கிடையாது. கண் இடமும் வலமும் போய்வந்தால் போதும்.

இந்த மாறி மாறித் தாவும் வேலைக்கு ஒரு கணக்கும் இருக்கிறது. ரோகன் மூர்த்தி உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2022-ல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் ஒரு கட்டுரை எழுதினார்கள். 3 பெரிய நிறுவனங்களில் 20 குழுக்களைச் சேர்ந்த 137 ஊழியர்களின் கம்ப்யூட்டர் பயன்பாட்டைக் கவனித்ததில், ஒருவர் ஒரு நாளைக்குச் சுமார் 1,200 முறை ஒரு செயலியில் இருந்து இன்னொன்றுக்குத் தாவியிருக்கிறார். தாவியபிறகு 'எங்கே விட்டோம்' என்று பிடித்துக்கொள்ளவே வாரத்துக்குக் கிட்டத்தட்ட 4 மணி நேரம் போயிருக்கிறது. அவர்கள் யாரும் பஞ்சாங்கம் பார்த்து அடித்தவர்கள் அல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஓரத்தில் ஒட்டிவிடுங்கள்

தீர்வு காசு கொடுத்து வாங்கும் சாஃப்ட்வேர் இல்லை. விண்டோஸ் 7 வந்த 2009-ல் இருந்தே கம்ப்யூட்டருக்குள் சும்மா கிடக்கிறது. பெயர் 'ஸ்னாப்'.

பஞ்சாங்க ஜன்னலைக் கிளிக் செய்துவிட்டு, விண்டோஸ் கீயை அழுத்தியபடி இடது அம்புக்குறியைத் தட்டினால் அது திரையின் இடது பாதியில் போய் ஒட்டிக்கொள்ளும். விண்டோஸ் 10, 11 என்றால் உடனே வலது பாதியில் மற்ற ஜன்னல்கள் சின்னச் சின்னப் படங்களாக வந்து 'யாரைக் கூப்பிடட்டும்?' என்று கேட்பதுபோல நிற்கும். கோரல்டிராவைக் கிளிக் செய்தால் அது மறுபாதியை நிரப்பிவிடும். அவ்ளோதான். விண்டோஸ் 7-ல் இந்தச் சின்னப் படங்கள் வராது. இரண்டாவது ஜன்னலுக்கு நீங்களே வலது அம்புக்குறியைத் தட்டவேண்டும்.

மௌஸ்தான் கைக்குப் பழக்கம் என்றால், ஜன்னலின் தலைப்புப் பட்டையைப் பிடித்துத் திரையின் ஓரம்வரை இழுத்து விட்டாலும் இதேதான் நடக்கும். பலருக்கு இது தற்செயலாக நடந்திருக்கும். 'என்னடா இது, திடீர்னு பாதியா ஆயிடுச்சு' என்று எரிச்சலோடு மறுபடி பெரிதாக்கியிருப்பார்கள்.

பாதி பாதி எல்லா வேலைக்கும் சரிப்படாது. கோரல்டிரா, ஃபோட்டோஷாப் மாதிரி இருபக்கமும் பட்டன் பெட்டிகள் வைத்திருக்கும் செயலிகளைப் பாதித் திரையில் அடைத்தால் டிசைன் தெரிவதற்கு ஜாண் இடம்தான் மிஞ்சும். அதற்கும் வழி உண்டு. இரண்டு ஜன்னலும் சேரும் நடுக்கோட்டின் மேல் மௌஸை வைத்து இழுங்கள். ஒன்று சுருங்கும்போது மற்றது தானாக விரியும். டிசைனுக்கு மூன்றில் இரண்டு பங்கு, பஞ்சாங்கத்துக்கு ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் சௌகரியம். பிடிஎஃப்-ஐ அந்த ஒடுங்கிய இடத்துக்கு ஏற்ப ஜூம் செய்துகொண்டால் ஒரு நாளுக்கான வரி முழுசாகத் தெரியும்.

இன்னொரு பழக்கமும் நல்லது: எது எந்தப் பக்கம் என்பதை மாற்றவே மாற்றாதீர்கள். வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு வகைப் பஞ்சாங்கம் இருக்கிறது. இரண்டிலும் திதி முடியும் நேரம் ஒன்றாக இருக்காது. இரண்டும் பிடிஎஃப்-ஆகத் திறந்திருந்தால், பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் அந்த இரண்டில் எது இது என்று ஆல்ட்-டேப்பில் கண்டுபிடிப்பது கஷ்டம். மாற்றி எடுத்து அடித்தால் அந்தத் தப்பு ப்ரூஃபிலும் கண்ணில் படாது, ஏனென்றால் நேரம் பார்வைக்கு நியாயமாகத்தான் இருக்கும். இந்த கஸ்டமருக்கு எந்தப் பஞ்சாங்கமோ அது மட்டும் இடது பக்கம், மற்றது மூடியே இருக்கட்டும் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. கல்யாணத்துக்கு நாள் பார்ப்பவர் சுவரில் தொங்கும் தாளைப் பார்த்துத்தான் முதலில் பேச்சை எடுப்பார்.

நாலு ஜன்னலும் ஒரே நேரத்தில் வேண்டுமென்றால்

விண்டோஸ் 10-ல் தொடங்கி திரையை நாலாக வெட்டலாம். ஜன்னலை இடது பாதியில் ஒட்டியபிறகு விண்டோஸ் கீயை விடாமல் மேல் அம்புக்குறியையும் தட்டினால் அது இடது மேல் மூலைக்குப் போகும், கீழ் அம்புக்குறி என்றால் கீழ் மூலைக்கு.

2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11 இதை இன்னும் சுலபமாக்கிவிட்டது. ஜன்னலின் வலது மேல் மூலையில் பெரிதாக்கும் சதுரப் பட்டன் இருக்கிறதில்லையா, அதன்மேல் கிளிக் செய்யாமல் மௌஸை மட்டும் வைத்துப் பாருங்கள். திரையை எப்படியெல்லாம் பிரிக்கலாம் என்று கட்டம் போட்ட சிறு படங்கள் விரியும். எந்தக் கட்டத்தைத் தொடுகிறீர்களோ, ஜன்னல் அங்கே போய் உட்காரும். கீபோர்டில் விண்டோஸ் கீயும் இசட்டும் சேர்த்து அழுத்தினாலும் இதே பட்டியல் வரும். புதிய பதிப்புகளில் கட்டங்களுக்கு எண்ணும் இருக்கும், எண்ணைத் தட்டினால் போதும்.

இப்படி ஒன்றாக அடுக்கிய ஜன்னல்களை விண்டோஸ் 11 ஒரு கூட்டணியாக ஞாபகம் வைத்துக்கொள்ளும். நடுவில் ஒரு மெயில் பார்க்க வேறு ஜன்னலைத் திறந்து எல்லாம் மறைந்துபோனாலும், ஆல்ட்-டேப் அடித்தால் அந்தக் கூட்டணி மொத்தமாக ஒரே படமாக நிற்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் அடுக்கு அப்படியே திரும்பி வரும். ஆனால் கூட்டணி என்றால் கூட்டணிதான், மெஷினை ரீஸ்டார்ட் செய்தால் கலைந்துவிடும். காலையில் வந்ததும் மறுபடி அடுக்கவேண்டும்.

'எனக்கு மூன்று பத்தி கட்டம் வரவே இல்லையே' என்று சிலருக்குத் தோன்றலாம். தப்பு உங்கள் மேல் இல்லை. மூன்று ஜன்னல்களைப் பக்கவாட்டில் அடுக்க திரையின் அகலம் குறைந்தது 1920 பிக்சல் வேண்டும் என்பது மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் அளவு. பழைய 1366 பிக்சல் மானிட்டரில் அது வராது. மானிட்டர் 1920 பிக்சலாக இருந்தும், எழுத்து பெரிதாகத் தெரியட்டும் என்று டிஸ்ப்ளே செட்டிங்கில் ஸ்கேலிங்கை 125 சதவீதமாக வைத்திருந்தால் அப்போதும் வராது. கணக்கில் அது 1536 ஆகச் சுருங்கிவிடும். 100-க்கு மாற்றிப் பாருங்கள். கண் வலித்தால் மூன்று பத்தி ஆசையை விட்டுவிடுவது நல்லது.

இரண்டு மானிட்டர் இருப்பவர்களுக்கு ஒரு சின்ன விஷயம்: விண்டோஸ் கீ, ஷிஃப்ட், அம்புக்குறி மூன்றும் சேர்ந்தால் ஜன்னல் ஒரு மானிட்டரில் இருந்து அடுத்ததுக்குத் தாவும்.

பட்டாசுப் பெட்டிக்கு வேறு ஒரு முறை

பட்டாசு லேபிளில் சிக்கல் கொஞ்சம் வேறு மாதிரி. பெட்டியின் மேல் அதிகபட்ச விலை, எத்தனை எண்ணிக்கை, தயாரித்தவர் முகவரி, தயாரித்த மாதமும் வருடமும், நுகர்வோர் புகார் தொடர்பு என்று சட்டப்படி இருக்கவேண்டியவை பல. 2018 அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றம் மாசு குறைந்த பட்டாசுகளுக்கு மட்டுமே அனுமதி என்று தீர்ப்பளித்தபிறகு, பசுமைப் பட்டாசுப் பெட்டிகளில் சிஎஸ்ஐஆர்-நீரி முத்திரையும் க்யூஆர் குறியீடும் சேர்ந்துகொண்டன. ஒரே டிசைன், வேறு வேறு அளவுப் பெட்டி, வேறு வேறு விலை. விலை எக்செல்லில் இருக்கும், டிசைன் கோரலில் இருக்கும்.

இங்கே ஸ்னாப் பாதி வேலையைத்தான் செய்யும். போன வருட விலைப்பட்டியலையும் இந்த வருடப் பட்டியலையும் ஒப்பிடவேண்டும் என்றால் எக்செல்லுக்குள்ளேயே ஒரு வசதி இருக்கிறது. இரண்டு ஃபைலையும் திறந்துவிட்டு, வியூ மெனுவில் 'வியூ சைட் பை சைட்' என்பதைத் தட்டுங்கள். அதோடு 'சிங்க்ரனஸ் ஸ்க்ரோலிங்' ஆன் ஆகியிருந்தால், ஒரு பட்டியலைக் கீழே உருட்டும்போது இன்னொன்றும் அதே அளவு உருளும். 87-வது வரி இங்கே, 87-வது வரி அங்கே. வரிசை மாறாமல் இருக்கும்வரை, எந்த அயிட்டத்தின் விலை மாறவில்லை என்பது கண்ணில் அடிக்கும். நடுவில் ஒரு புதிய அயிட்டத்தைச் செருகியிருந்தால் அந்த இடத்தில் உருட்டலை நிறுத்தி, ஒரு பக்கத்தை மட்டும் நகர்த்தி, மறுபடி சேர்த்துக்கொள்ளவேண்டும். வேர்டிலும் இதே பெயரில் இதே வசதி உண்டு. ஒப்பந்தம், சிவி, ஆபீஸ் சர்க்குலர் என எதன் பழைய, புதிய பதிப்பையும் ஒப்பிட இதுதான் குறுக்குவழி.

சேருக்குப் பின்னால் நிற்பவர்

டிடிபி சென்டருக்குப் போனவர்களுக்குத் தெரியும், கஸ்டமர் எதிரே உட்கார மாட்டார். ஆபரேட்டரின் தோளுக்குப் பின்னால் நின்று 'அந்த லோகோவைக் கொஞ்சம் பெருசு பண்ணுங்க தம்பி' என்பார். அந்த நேரத்தில் டாஸ்க்பாரில் இன்னொரு கடையின் கொட்டேஷன் ஃபைல் தெரிகிறது. அல்லது ஆல்ட்-டேப் அடிக்கும்போது பக்கத்துக் கடைக்காரருக்குப் போட்ட ரேட் ஒரு நொடி மின்னி மறைகிறது. அந்த ஒரு நொடி போதும், அடுத்த பத்து நிமிஷம் ரேட் பேச்சுதான்.

இதற்குத்தான் விர்ச்சுவல் டெஸ்க்டாப். 2015-ல் விண்டோஸ் 10 வந்தபோது உள்ளேயே சேர்ந்த வசதி. விண்டோஸ் கீ, கன்ட்ரோல், டி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள் (டெஸ்க்டாப்பின் டி, கீபோர்டில் எஸ்-க்கு அடுத்தது). எதுவுமே திறக்காத காலியான புதுத் திரை ஒன்று வரும். பழைய ஜன்னல்கள் எதுவும் மூடப்படவில்லை, முதல் டெஸ்க்டாப்பில் அப்படியே இருக்கும். விண்டோஸ் கீ, கன்ட்ரோல், இடது அல்லது வலது அம்புக்குறி: இரண்டுக்கும் நடுவே போய்வரலாம். வேண்டாம் என்றால் விண்டோஸ் கீ, கன்ட்ரோல், எஃப்4 அடித்தால் அந்த டெஸ்க்டாப் மூடும். அதில் இருந்த ஜன்னல்கள் பக்கத்து டெஸ்க்டாப்புக்கு இடம்பெயரும், எதுவும் தொலையாது.

விண்டோஸ் கீயும் டேப்பும் அழுத்தினால் எல்லா டெஸ்க்டாப்பும் வரிசையாகத் தெரியும். பெயரைக் கிளிக் செய்து 'காலண்டர்', 'லேபிள்', 'கணக்கு' என்று மாற்றிக்கொள்ளலாம். மாற்றாத செட்டிங்கில் டாஸ்க்பாரும் ஆல்ட்-டேப்பும் அந்தந்த டெஸ்க்டாப்பின் ஜன்னல்களை மட்டும்தான் காட்டும். ஆக, கஸ்டமர் வந்தால் அவர் வேலை மட்டும் இருக்கும் டெஸ்க்டாப்புக்கு மாறிவிட்டால் போதும். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் ஸ்கிரீன் ஷேர் செய்வதற்கு முன்னால் இதைச் செய்வது புத்திசாலித்தனம். சம்பள ஸ்லிப் எத்தனை மீட்டிங்கில் எட்டிப் பார்த்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, இது பூட்டு இல்லை, திரைச்சீலைதான். வாட்ஸ்அப் அறிவிப்பு எந்த டெஸ்க்டாப்பில் இருந்தாலும் மூலையில் குதிக்கும். விண்டோஸ் 11-ல் விண்டோஸ் கீயும் என்-னும் அழுத்தி 'டு நாட் டிஸ்டர்ப்' மணியைத் தட்டிவைத்தால்தான் அது அடங்கும். இரண்டாவது, நாலு டெஸ்க்டாப் திறந்தால் நாலு கம்ப்யூட்டர் கிடைத்துவிட்டதாக நினைக்கவேண்டாம். ராம் அதே ராம்தான். 4 ஜிபி மெஷினில் கோரல்டிராவும் ஃபோட்டோஷாப்பும் இருபது பிரவுசர் டேபும் ஓடினால், எந்த டெஸ்க்டாப்பில் ஒளித்துவைத்தாலும் மெஷின் திணறத்தான் செய்யும்.

இன்னும் கொஞ்சம் வேண்டும் என்பவர்களுக்கு

மைக்ரோசாஃப்டே 'பவர்டாய்ஸ்' என்று ஓர் இலவசப் பெட்டி தருகிறது. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் கிடைக்கும், விண்டோஸ் 10-லும் ஓடும். அதில் இரண்டு அயிட்டம் டிடிபி வேலைக்காகவே செய்ததுபோல இருக்கிறது.

முதலாவது 'ஆல்வேஸ் ஆன் டாப்'. விண்டோஸ் கீ, கன்ட்ரோல், டி (இந்த முறை ஆர்-க்கும் ஒய்-க்கும் நடுவில் இருக்கும் டி) அழுத்தினால், திறந்திருக்கும் ஜன்னல் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே ஆணி அடித்ததுபோல நிற்கும். கஸ்டமர் அனுப்பிய விசிட்டிங் கார்டு போட்டோவைச் சின்னதாக்கி மூலையில் ஆணி அடித்துவிட்டு, கோரல்டிராவை முழுத் திரையில் வைத்து வேலை பார்க்கலாம். போன் நம்பரின் பத்து இலக்கமும் கண்ணெதிரே இருக்கும். மறுபடி அதே கீயை அடித்தால் ஆணி கழன்றுவிடும். பாதி பாதி பிரித்தால் டிசைனுக்கு இடம் போதவில்லை என்று சொல்பவர்களுக்கு ஸ்னாப்பைவிட இதுதான் பொருத்தம்.

இரண்டாவது 'ஃபேன்சிசோன்ஸ்'. விண்டோஸ் தரும் கட்டங்கள் பிடிக்கவில்லையா, நீங்களே கட்டம் வரைந்துகொள்ளலாம். மேலே நீளமாக ஒரு பட்டை, கீழே பெரிதாக ஒன்று, ஓரத்தில் ஒடுக்கமாக ஒன்று என எப்படியும். வரைந்தபிறகு ஷிஃப்டை அழுத்தியபடி ஜன்னலை இழுத்தால் கட்டங்கள் ஒளிரும், எதில் விடுகிறீர்களோ அதில் ஜன்னல் உட்காரும். ஒரு தடவை வரைந்தால் போதும், மறுநாளும் கட்டம் அங்கேயே இருக்கும்.

ஒரு குட்டி வரலாறு

வேடிக்கை என்னவென்றால், 1985 நவம்பரில் வந்த முதல் விண்டோஸில் ஜன்னல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறவே முடியாது. ஓடு பதித்ததுபோல பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கும். 1987-ல் வந்த விண்டோஸ் 2-தான் ஒன்றை இன்னொன்றின்மேல் வைக்க விட்டது. அப்போது அது பெரிய முன்னேற்றமாகத் தெரிந்தது. ஆபீஸ் மேசையில் காகிதங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுகிறோமே, அப்படி. அந்தக் காகிதக் குவியலுக்குள் தேடித் தேடி அலுத்து, 2009-ல் மறுபடி ஓடு பதிக்கும் வேலைக்கே திரும்பியிருக்கிறோம். இந்த முறை அடுக்குவதா குவிப்பதா என்பது நம் இஷ்டம், அதுதான் வித்தியாசம்.

விர்ச்சுவல் டெஸ்க்டாப்பும் புதுசு இல்லை. 1986-லேயே ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் 'ரூம்ஸ்' என்ற பெயரில் செய்து பார்த்துவிட்டார்கள். லினக்ஸில் 'வொர்க்ஸ்பேஸ்' என்று பல வருடங்களாக இருக்கிறது. 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் பல லேப்டாப்கள் விண்டோஸோடு சி-டாக்கின் பாஸ் லினக்ஸையும் ஏற்றிக்கொண்டுதான் வந்தன. அந்த லேப்டாப்பில் லினக்ஸ் பக்கம் எட்டிப் பார்த்த மாணவர்களுக்கு இந்தப் பல திரை வித்தை விண்டோஸ்காரர்களுக்கு முன்பே அறிமுகம் ஆகியிருக்கும். எட்டிப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம்.

உபுண்டு வைத்திருப்பவர்களுக்கும் விண்டோஸ் கீ, அம்புக்குறி கூட்டணி அப்படியே வேலை செய்யும். மேக்கில் இந்த ஓரத்தில் ஒட்டும் வசதி முழுமையாக வந்ததே 2024-ல் மேக்ஓஎஸ் செக்வோயாவில்தான். ஜன்னலைத் திரையின் ஓரத்துக்கு இழுத்தால் போதும்.

பழைய மெஷின் வைத்திருப்பவர்கள் என்ன செய்வது?

பல சின்ன சென்டர்களில் 'ஓடுற மெஷினை எதுக்கு மாத்தணும்' என்பதுதான் கொள்கை. நியாயமான கொள்கைதான். ஜன்னல் அடுக்குவதற்காக மட்டும் புது கம்ப்யூட்டர் வாங்கத் தேவையே இல்லை. விண்டோஸ் 7-லேயே பாதி பாதி வேலை செய்யும். விண்டோஸ் 10-ல் நாலு மூலையும் விர்ச்சுவல் டெஸ்க்டாப்பும் இருக்கிறது, பவர்டாய்ஸும் ஏறும்.

வேறு ஒரு காரணம் மட்டும் யோசிக்கவைக்கிறது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-லும் மைக்ரோசாஃப்டின் வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. தனிநபர் மெஷின்களுக்கு விண்டோஸ் 10-ல் நீட்டிப்பு கேட்டுப் பதிவு செய்திருந்தால் 2026 அக்டோபர் 13 வரை ஓடும். நாள் முழுக்க யார் யாரோ கொண்டுவரும் பென் டிரைவ்களைச் செருகும் தொழிலில் இது சின்ன விஷயம் இல்லை. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 சிப் வேண்டும் என்பதால் பழைய மெஷின்கள் பலவற்றில் அது ஏறாது. மாற்ற முடியாதவர்கள், வாட்ஸ்அப்பும் பென் டிரைவும் தொடும் மெஷின் ஒன்று, டிசைன் ஃபைல்கள் இருக்கும் மெஷின் இன்னொன்று என்று பிரித்து வைத்து, ஃபைல்களுக்குத் தனியாக ஒரு பேக்அப் எடுத்துக்கொள்வது நல்லது.

போனில்?

இதைப் போனில் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு: ஆண்ட்ராய்டிலும் இந்த வசதி உண்டு, 2016-ல் ஆண்ட்ராய்டு 7 வந்ததில் இருந்து. சமீபத்தில் திறந்த செயலிகளின் பட்டியலுக்குப் போய், மேலே இருக்கும் செயலியின் சின்னத்தைத் தட்டினால் 'ஸ்ப்ளிட் ஸ்கிரீன்' என்று வரும் (சில போன்களில் சின்னத்தை அழுத்திப் பிடிக்கவேண்டும்). மேலே வாட்ஸ்அப்பில் ப்ரூஃப் படம், கீழே நோட்ஸில் நீங்கள் அனுப்பிய விவரம். சென்டரில் இருந்து 'ஓகேவா அண்ணே?' என்று காலண்டர் ப்ரூஃப் வந்தால், கட்டை விரலை உயர்த்தும் எமோஜியைப் போடுவதற்கு முன்னால் இரண்டையும் இப்படி மேலும் கீழும் வைத்துக்கொண்டு போன் நம்பரை ஒவ்வொரு இலக்கமாகப் பாருங்கள். நீங்கள் ஓகே சொன்னதும் அங்கே பிளேட் போட அனுப்பிவிடுவார்கள்.